முதலில் ரசீதை ஒட்டுங்கள்: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

அலுவலக மாடியிலும் பேருந்து நிலையக் கூரையிலும் சோலார் பேனல் போடுவதாகப் பேசி வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேனலுக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால், ஊர்ச் செலவில் மின்சாரம் எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். மோட்டார் காயில் கட்டுபவன், அதாவது எரிந்துபோன மோட்டாருக்குள் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தருபவன். குடிநீர் மோட்டார் புகைந்து நின்றால் ஆட்டோவில் போட்டுக்கொண்டு என் கடைக்குத்தான் வருவீர்கள். கிழக்குத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரை மட்டும் இந்த மூன்று வருடத்தில் நான்கு முறை பிரித்திருக்கிறேன். கடைசியாகப் பிரித்தபோது கம்பியின் மேல்பூச்சு கரியாகி, தொட்டால் உதிர்ந்தது. கருகிய வார்னிஷ் வாடை இரண்டு நாள் கடையை விட்டுப் போகவில்லை. பம்பைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் ஓரங்கள் பிளேடு மாதிரி தேய்ந்திருந்தன. “இதையும் மாற்றிவிடலாமே” என்றேன். “இப்போதைக்குக் காயில் மட்டும் போடுங்கள், தண்ணீர் விட வேண்டும்” என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். கூலியும் வாங்கினேன். அதனால் இந்த மடலில் என் பிழைப்புக்கும் சேர்த்தே வேட்டு வைக்கிறேன் என்பதை நினைவில் வையுங்கள்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரம் ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால் சுமார் 8 யூனிட் போதும். நல்ல பம்பும் நல்ல மோட்டாரும் சேர்ந்தால் 16 யூனிட்டுக்குள் வேலை முடியும். தேய்ந்த இம்பெல்லரும் பலமுறை காயில் கட்டிய மோட்டாருமாக ஓடும் செட், அதே வேலைக்கு 25 யூனிட் விழுங்கும். தினமும் இவ்வளவு தண்ணீர் ஏற்றினால், வீணாகும் அந்த 9 யூனிட்டைச் சூரியனிடமிருந்து எடுக்க வேண்டுமானால், நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்ற கணக்கில், இரண்டேகால் கிலோவாட் பேனலும் அதற்கு இருநூறு சதுர அடிக்கு மேல் மாடியும் வேண்டும். பம்பை மாற்றினால் பேனலே இல்லாமல் அது கிடைத்துவிடும். இன்னொன்று. விடியற்காலை நான்கரை மணிக்குக் கிழக்குத் தொட்டி நிரம்பி வழிந்து, அடியில் இருக்கும் வேப்பமரத்துக்குப் பாய்கிறது. மரம் செழிப்பாக இருக்கிறது. அது குடிப்பதும் காசு கொடுத்து மேலே ஏற்றிய தண்ணீர்தான்.

ஓடந்துறையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஊராட்சி. எல்லோரும் அங்கே காற்றாலையை மட்டும் பேசுகிறார்கள். 350 கிலோவாட் காற்றாலை, 2006-இல் வாங்கியது, விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தன் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்ற ஊராட்சி அது. ஆனால் கதை காற்றாலையில் தொடங்கவில்லை. 1996-இல் தலைவரான சண்முகம், குடிநீர்த் திட்டம் விரிய விரிய மின் கட்டணமும் எகிறுவதைப் பார்த்து, அந்த ரசீதில்தான் முதலில் கை வைத்தார். மரக்கழிவிலிருந்து வாயு எடுத்து பம்பை ஓட்டும் 9 கிலோவாட் எந்திரம் ஒன்றை நிறுவினார்கள். சூரிய தெருவிளக்குகளும் வந்தன. காற்றாலை அதற்கெல்லாம் பிறகுதான்.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அது நிற்பது உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுவது அந்தப் பக்கம் என்பதால் அங்கே கொண்டுபோய் நட்டார்கள். மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்ந்தது, கணக்கு ஊராட்சிக்கு வந்தது. நம் ஊராக இருந்தால் “காற்றாலை எந்த வார்டில்?” என்று இரண்டு கூட்டம் நடந்திருக்கும். திறப்பு விழாப் புகைப்படத்துக்கு எது அழகாக இருக்கும் என்று பார்க்காமல், காற்று எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014-இல் 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. சில வருடங்களில் பேட்டரிகள் செத்தன. அரசு மின்சாரம் அதைவிட மலிவாக வந்து சேர்ந்தது. பிறகு அந்த இடத்தில் மாடு கட்டினார்கள். நம் ஊரிலேயே பெரிய குளத்தங்கரையில் நிற்கும் ஏழு சோலார் விளக்குகளைப் பாருங்கள். ஒன்றுகூட எரிவதில்லை. ஒன்றில் பேட்டரிப் பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே குருவிக் கூடு. இன்னொன்று திருவிழாவுக்கு மைக் கட்டப் பயன்படுகிறது.

ஆகவே பேனல் போடும்போது பேட்டரி இல்லாமல், மின்வாரியக் கம்பியோடு இணைத்தே போடுங்கள். மின்வெட்டு வந்தால் அதுவும் நின்றுவிடும், அதைத் தெரிந்தே செய்வோம். நமக்குத் தனியாகப் பேட்டரி எதற்கு? இரண்டு மேல்நிலைத் தொட்டிகள் இருக்கின்றன. விடியற்காலையில் ஓடும் பம்பைப் பகல் பதினொரு மணிக்கு ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்தால், வெயில் தண்ணீராகச் சேமிக்கப்பட்டுவிடும். மறுநாள் காலை குழாயைத் திறந்தால் போதும். தூசியைக் கழுவும் ஆள் யார், பேனல் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

வீடுகளுக்கு மத்திய அரசு மானியம் இருக்கிறதே என்பீர்கள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். சொந்த மாடி உள்ளவர்களுக்கு நல்ல திட்டம், என் மைத்துனர்கூடப் போட்டிருக்கிறார். ஓட்டு வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அவர்களில் பலருக்கு ரசீதே சின்னதாகத்தான் வரும். அவர்களுக்கும் பங்கு கிடைப்பது ஊர்ப் பொதுத் தண்ணீரிலும் தெருவிளக்கிலும்தான். அங்கே மிச்சமாகும் காசு எல்லா வார்டுக்கும் சேரும்.

கேட்பது இரண்டுதான். கடந்த பன்னிரண்டு மாத மின் ரசீதுகளை, எந்த மோட்டாருக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்று பிரித்து அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டுங்கள். பிறகு ஒரு நாள் பம்ப் அறையைத் திறந்துவிடுங்கள். கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்னிடம் இருக்கிறது. தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம், அதற்குள் மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று நின்று எழுதித் தருகிறேன். கூலி வேண்டாம்.

சாவி தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, விடியற்காலையில் பம்பைப் போடும் முன்பே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பேருந்து நிலையம் எதிரில் மோட்டார் காயில் கட்டுபவன்