காற்றும் நீரோட்டமும் அச்சேற வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊரவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

முல்லைத்தீவுக் கரையில் விடியப்புறம் போய் நின்றவர்களுக்குத் தெரியும், இப்போது பல இடங்களில் கரைவலையை உழவு இயந்திரம்தான் இழுக்கிறது. கயிறு வின்ச்சில் சுற்றிக்கொண்டு வர, பக்கத்துக்கு நாலைந்து பேர் நின்றால் போதும். முன்பு ஆணும் பெண்ணுமாக ஊரே கயிற்றில் நின்றது. தொழிலை நடத்தும் மண்டாடி கடலைப் பார்த்துக் கை காட்டுவார். முன்னுக்கு நிற்பவர் அம்பா என்ற வலை இழுக்கும் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்வார்கள், காலும் கையும் ஒரே தாளத்தில் போகும். உழவு இயந்திரம் சரியா பிழையா என்பது கடற்றொழிலாளர் சங்கங்கள் கூடிப் பேச வேண்டிய விடயம். எங்களுக்குள்ள கவலை வேறு. இயந்திரத்துக்கு அம்பா தேவையில்லை. அந்த அம்பாவை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய், கேட்டு, எழுதி, புத்தகமாக்குவதுதான் எங்கள் வேலை.

ஆறு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறோம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இரவல் தந்த ஒரு பழைய வலைக் கொட்டில்தான் எங்கள் கடலாய்வு நடுவம். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர், தொழிலுக்குப் போகிற நாலு பேர், பல்கலைக்கழகம் முடித்த இரண்டு தங்கச்சிமார், இவ்வளவுதான் குழு. இலாபம் பார்ப்பதில்லை, யாருக்கும் சம்பளமும் இல்லை. இதுவரை மூன்று சிறு நூல்கள் போட்டோம். நந்திக்கடல் வலைகள் பற்றிய நூலைப் பாடசாலைகளுக்கு இலவசமாகக் கொடுத்தோம். அது கைக்குக் கை போய்க் கிழிந்த நிலையில் திரும்பி வந்தபோது எங்களுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இப்போது கையில் இருப்பது பெரிய வேலை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுகளையும், அந்தந்தக் காற்றில் நீர் எந்தப் பக்கம் இழுக்கும், என்ன மீன் படும், எப்போது கடலுக்குப் போகக் கூடாது என்பதையும் இந்தக் கரையின் சொல்லிலேயே தொகுத்திருக்கிறோம். கொக்கிளாயிலிருந்து சாலை வரை எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்களிடம் கேட்டு எழுதியது.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறோம். 2024 டிசெம்பரில் ரோஹிங்கிய மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்த படகு முள்ளிவாய்க்கால் கரையோரம் ஒதுங்கியது. குழந்தைகளும் இருந்தார்கள். மியன்மார் எங்கே, முள்ளிவாய்க்கால் எங்கே என்று ஊரே திகைத்தது. கள்ளப்பாட்டில் எங்களுக்குத் தகவல் தரும் ஒரு ஐயா மட்டும் திகைக்கவில்லை. மணலில் விரலால் ஒரு கோடு இழுத்தார். மேலே இருந்து கீழே, பிறகு கரைப் பக்கமாக ஒரு வளைவு. வாடை பிறந்தால் நீர் தெற்கே இழுக்கும், காற்று கரைக்குத் தள்ளும், வங்காளக் கடலில் கைவிட்டது எதுவானாலும் இந்தப் பக்கம் வரத்தான் பார்க்கும் என்றார். கடலியல் நூல்களில் இதற்குக் கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் என்று பெயர். ஒக்டோபர் தொடங்கி டிசெம்பர் வரை தெற்கு நோக்கி ஓடும், மாசி பங்குனியில் திசை மாறி வடக்கே ஓடும். ஐயா அந்த நூல்களைப் படித்தவரல்ல. நூல் எழுதியவர்களும் ஐயாவின் மணல் கோட்டைப் பார்த்தவர்களல்ல. இரண்டையும் ஒரே பக்கத்தில், தமிழில், அருகருகே வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. கடலில் ஒரு படகு காணாமல் போனால் எந்தத் திசையில் தேடுவது என்பதற்கும் இதே அறிவுதான் உதவும்.

அதே ஐயாவோடு இன்னொரு நாள் கடலுக்குப் போனோம். கடலடிக் கல்திட்டான ஒரு பாரின் இடத்தை அவர் முன்பு எப்படிக் கண்டுபிடித்தார் என்று தங்கச்சி தன் சீ.ஆர். கொப்பியில் எழுதியிருந்தாள்: பழைய வெளிச்சவீடும் ஒரு பனைக் கூட்டமும் ஒரே நேரில் வரவேண்டும். வெளிச்சவீடு போரில் போய்விட்டது. பனைகளும் இல்லை. குறி இரண்டும் இல்லாமல் எப்படி என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவர் நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வள்ளத்தைக் கொஞ்சம் கிழக்கே விடச் சொன்னார். நிறுத்தச் சொன்னார். ஈயக்குண்டை இறக்கினார். கயிறு கையில் அதிர, கல்லு என்றார். இரண்டாம் முறை இறக்கியபோதும் கல்தான். தம்பி ஒருவன் ஜிபிஎஸ் கருவியில் எண்ணைப் பதிந்தான். அந்த எண்களை நாங்கள் அச்சிடப் போவதில்லை. பார் அதில் தொழில் செய்கிறவர்களின் சொத்து. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிக்காரர் கையில் அது போய்ச் சேரக் கூடாது. சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டோம். நூலில் வருவது அவர் கண்டுபிடித்த விதம் மட்டும்.

2004 டிசெம்பர் 26இல் வந்த கடலும் பிறகு 2009 போரும் இந்தக் கரையில் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆட்களோடு கொப்பிகள், படங்கள், வள்ளப் பத்திரங்கள், வலைக் கணக்குகள் எல்லாம் போயின. மிஞ்சியது ஆட்களின் நினைவு மட்டும்தான். அதனால்தான் அவசரப்படுகிறோம்.

வன்னியின் மேற்குக் கரையிலும் இதே கதைதான். மாந்தை பழைய காலத்தில் அனுராதபுரத்துக்குத் துறைமுகமாக இருந்தது. மாதோட்டம் என்றும் பெயருள்ள அந்த ஊர்க் கடலில் மரக்கலங்கள் நிறைந்து நின்றதைத் தேவாரமே பாடுகிறது. அங்கே 1980இல் தொடங்கிய அகழாய்வு போரால் 1984இல் நின்றது. அதன் முடிவுகள் நூலாக வந்தது 2013இல், அதுவும் ஆங்கிலத்தில். மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிகள் பற்றிப் பிரித்தானிய விலங்கியலாளர் ஹேர்ட்மன் தலைமையில் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அறிக்கை வந்தது, அதுவும் ஆங்கிலம். மன்னார்ப் பக்கத்து அரிப்பிலும் சிலாவத்துறையிலும் படிக்கிற பிள்ளை தன் ஊர்க் கடலைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கேட்டால், எடுத்துக் கொடுக்க எங்கள் அலுமாரியில் ஒன்றும் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போனதைப் பெருமையாகப் பேசுகிறோம். அதை எப்படிக் கட்டினார்கள், மரத்தை எப்படி வளைத்தார்கள் என்று கேட்கிற பிள்ளைக்கும் அதே நிலைதான். காற்று நூல் முடிந்தவுடன் மாந்தையையும் முத்துக் குளிப்பையும் பற்றி எளிய தமிழில் ஒவ்வொரு நூல் எழுதுவதாக இருக்கிறோம். அடிமடி இழுவைத் தொழிலைத் தடை செய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டத்தைப் பேச்சு வழக்கில் விளக்கும் சின்னக் கையேடும் சங்கங்கள் கேட்டபடி தயாராகிறது.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறோம். ஒலிப்பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தோம், இரண்டும் ஒரே அலுமாரியில். கொட்டில் கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து ஒன்றைத் துருப்பிடிக்க வைத்தன. மற்றதைத் திறக்கப் போனபோது அதுவும் வேலை செய்யவில்லை. கொழும்பில் கொடுத்துப் பாதியை மீட்டோம். மீளாத பாதியில் ஒரு அம்மாவின் அம்பாப் பாட்டு இருந்தது. மீண்டும் பாடித் தாருங்கள் என்று கேட்கப் போனபோது, அவர் காலமாகி முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்காதது எங்கள் பிழை. இனி ஒரு பதிவுக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று கடலுக்குத் தூரமாகக் கிளிநொச்சியில் இருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். இந்த ஆண்டு எங்களுக்குத் தேவை 12 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். காற்று நூல் 500 பிரதி அச்சிட 3 இலட்சம். கூரை ஒழுகுகிறது, கறையான் சுவரால் ஏறுகிறது. கூரை மாற்றி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு, ஈரம் அண்டாத ஒரு சின்ன அறை கட்ட மூன்றரை இலட்சம். ஸ்கானருக்கும் பிரதிகள் வைக்கும் கருவிகளுக்கும் 1 இலட்சத்து 20 ஆயிரம். மிச்சம் 4 இலட்சத்து 80 ஆயிரம் அந்த இரண்டு தங்கச்சிமாருக்கும் மாதம் ஆளுக்கு 20 ஆயிரம் படியாகக் கொடுக்க. இதில் சிலர் முகம் சுளிக்கலாம், தொண்டு வேலைக்கு ஏன் காசு என்று. அவர்கள் சொந்தக் காசில் பஸ் ஏறி, வெயிலில் மீன் வாடி வாடியாக நடந்து, இரவில் இருந்து எழுதுகிறார்கள். இரண்டு வருடம் அப்படிச் செய்துவிட்டார்கள். இன்னும் அப்படியே செய்யச் சொல்வது நியாயமில்லை. வேறு வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டால் இந்த வேலை நின்றுவிடும்.

பெரிய தொகை தருபவர்கள் வேண்டும்தான், ஆனால் 500 ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். கரையில் வசிக்கிறவர்கள் காசு தரவே தேவையில்லை, வந்து பேசினால் போதும். கடலட்டைப் பண்ணை, இறால் பண்ணை, மணல் அகழ்வு நடத்துகிற கம்பனிகளிடமும் கட்சிகளிடமும் வாங்க மாட்டோம் என்று குழு முடிவெடுத்திருக்கிறது. கேட்டவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம் என்றோம். அவர்களுடைய காசில் எழுதினால் கரைச் சனம் எங்களை நம்பாது. தருகிற எல்லாருக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும், கூட்டுறவுச் சங்க அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்படும். நூல் விற்று வருகிற காசு அடுத்த நூலுக்கு மட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் இன்னொன்று கேட்கிறோம். இடம்பெயர்ந்தபோது அம்மாவோ அப்பாவோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன பழைய படம், கடிதம், வள்ளத்தின் பதிவுப் புத்தகம், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி கணக்கு எழுதிய கொப்பி ஏதும் உங்கள் வீட்டில் இருக்கலாம். எறிந்துவிடாதீர்கள். தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மூலம் உங்களிடமே இருக்கட்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தால் பின்னால் எழுதிவிடுங்கள். பெயர் தெரியாத படங்கள் எங்களிடம் ஏற்கெனவே ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குள் கூரை வேலையை முடித்து, நூலை அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். கடல் நீரில் விளக்கெரிக்கும் அந்தப் பொங்கலுக்கு வைகாசியில் ஊருக்கு வருபவர்கள் அப்படியே கொட்டில் பக்கமும் வாருங்கள். எழுதிய கொப்பிகளைப் பாருங்கள், ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள், கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தால் நல்லது. காலையில் எங்களில் பாதிப் பேர் கடலில் இருப்போம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவினர்,
முல்லைத்தீவு