கோப்பில் ஏறாத பதில்

நிபோங் திபால்,
பினாங்கு.

அன்புள்ள நண்பனுக்கு,

நாங்கள் நலம். உன் பேத்தியின் காது குத்துக்கு என்னால் கோலாலம்பூர் வர முடியாமல் போனதைப் பொறுத்துக்கொள். உன்னிடம் நேரில் சொல்ல நினைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த வாரத்தில், ஓர் இரவு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்), என் கிளினிக்குக்கு வரும் ஒரு பாட்டியைப் பற்றி, சிறுநீரக மருத்துவரான உன்னிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர். பெரிண்டோபிரில் என்ற கொதிப்பு மருந்தைத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அவருடைய கிரியேட்டினின் அளவு 98இலிருந்து 118க்கு ஏறியிருந்தது. மருந்தை நிறுத்துவதா, பாலத்தைக் கடந்து தீவிலுள்ள சிறுநீரக நிபுணரிடம் அனுப்புவதா என்று நான் தடுமாறியபோது, நீ உடனே பதில் சொல்லாமல், பொட்டாசியம் எவ்வளவு, மூட்டுவலிக்கு மாத்திரை ஏதும் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று திருப்பிக் கேட்டாய். பொட்டாசியம் 4.8. மறுநாள் அவரை அழைத்து விசாரித்தேன். கைப்பையைத் துழாவி, பாதி தீர்ந்த டைக்ளோஃபெனாக் அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். நீ கேட்காவிட்டால் நான் கேட்டிருக்க மாட்டேன். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அந்த வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னாய். கிரியேட்டினின் 30 விழுக்காட்டுக்குள் ஏறினால் பெரிண்டோபிரிலைத் தொடரலாம், இரண்டு வாரத்தில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார் என்றாய்.

மறுபடி இரத்தம் எடுக்க வேண்டிய அந்த வாரத்தில் நான் ஈப்போவில் ஒரு திருமணத்தில் இருந்தேன். எனக்குப் பதிலாகக் கிளினிக்கில் அமர்ந்த இளம் மருத்துவர், கோப்பில் 118 என்ற எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லாததால், பெரிண்டோபிரிலை நிறுத்திவிட்டார். அவர் மீது குற்றமில்லை. உன் பதில் என் கைப்பேசியில்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து வந்தபோது பாட்டியின் இரத்த அழுத்தம் 178. மருந்தை மீண்டும் தொடங்கினோம். இப்போது கிரியேட்டினின் 104இல் நிற்கிறது. தீவுக்குப் போகத் தேவையே எழவில்லை. அழைத்துப்போக வேண்டிய மகனும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நிபுணரிடம் இப்படி எழுதிக் கேட்பதைத்தான் மற்ற நாடுகளில் முறைப்படுத்தியிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவில் 2005இலேயே தொடங்கிவிட்டார்கள். கனடாவின் ஒட்டாவா பகுதியில் 2010இல் தொடங்கிய மின்னாலோசனையில், குடும்ப மருத்துவர் தம் கேள்வியையும் பரிசோதனை முடிவுகளையும் பாதுகாப்பான தளத்தில் எழுதுகிறார்; நிபுணர் ஏழு நாளுக்குள் பதில் எழுதுகிறார், அல்லது கூடுதல் விவரம் கேட்கிறார், அல்லது நேரில் அனுப்பச் சொல்கிறார். அங்கே கேட்கப்பட்ட கேள்விகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டில், அனுப்ப நினைத்திருந்த நோயாளியை அனுப்ப வேண்டியிருக்கவில்லை. நிபுணர் செலவிட்ட நேரத்துக்கு ஊதியமும் உண்டு. நாள் முழுதும் டயாலிசிஸ் பிரிவில் நின்றுவிட்டு இரவு பத்து மணிக்கு நீ எனக்கு எழுதியதை நட்பின் கணக்கிலேயே நான் போட்டுவந்தது சரியல்ல.

இன்னொன்றும் உறுத்துகிறது. நம் நாட்டில் 1997இல் நிறைவேறி, பல ஆண்டுகளாகியும் நடைமுறைக்கு வராத டெலிமெடிசின் சட்டத்திலேயே நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. நான் பாட்டியிடம் வாய்வார்த்தையாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு சொன்னபோது அவர் வருந்தவில்லை. "பெரிய டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்க, மகன்கிட்ட காட்டணும்" என்றார். அந்தத் தாள் என்னிடம் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நெஞ்சு வலி போன்ற அவசரங்களையும், கை வைத்துப் பார்க்க வேண்டியவற்றையும் இதில் சேர்க்க மாட்டேன். மற்றவற்றுக்கு, நோயாளியின் சம்மதம், என் கேள்வி, இதுவரையிலான இரத்த முடிவுகள், உட்கொள்ளும் எல்லா மருந்துகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அனுப்புகிறேன். கடையில் வாங்குவனவும் அதில் இருக்கும். நீ அதன் அடியிலேயே பதில் எழுதித் தேதியிட்டு அனுப்பினால் அன்றே கோப்பில் சேர்த்துவிடுவேன். மாதத்துக்கு எத்தனை கேள்வி உன்னால் ஏற்க முடியும், என்ன கட்டணம் என்பதைக் கூச்சப்படாமல் எழுது. முதல் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தப் பாட்டியுடையதுதான், கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்