யார் ஃபியூஸ் போடுவார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கப் போகும்போது, "ஏம்பா, அன்னைக்கு மொட்டை மாடியில சொன்னீங்களே, இந்தப் பிரபஞ்சமே சுருங்கி ஒண்ணா வந்து விழுந்துடும்னு, அது நிஜமா?" என்று கேட்டாய். சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக உறுத்துகிறது. போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

1997 மே மாதம் அது. டிரான்ஸ்ஃபார்மர் போய்த் தெருவே இருட்டு. எனக்கு அன்று டூட்டி இல்லை என்பதால் நிம்மதியாகப் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நட்சத்திரமெல்லாம் ஒருநாள் அணைந்துபோகும் என்று நான் ஏதோ சொல்லப்போக, "அதுக்கு யாருப்பா ஃபியூஸ் போடுவாங்க?" என்றாய். லைன்மேன் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்! நான் உன் ரப்பர் பந்தை எடுத்து மேலே எறிந்து, "விரிஞ்சு போறதெல்லாம் இப்படித் திரும்பி வந்துடும்டா, அப்புறம் புதுசா ஆரம்பிக்கும்" என்றேன். பந்து திரும்பித்தான் வந்தது. என் கைக்கு அல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு. நீ அழுத அழுகையில் பிரபஞ்சம் அத்தோடு மறந்துபோயிற்று.

நான் சொன்னது தப்பு தம்பி. நான் படித்த புத்தகத்தில் அதை ஒரு சாத்தியம் என்றுதான் போட்டிருந்தார்கள். நான்தான் அப்பன் தோரணையில் முடிந்த முடிவாகச் சொல்லிவிட்டேன். அடுத்த வருஷமே குட்டு உடைந்தது.

எப்படி உடைந்தது என்பது நம் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற விஷயம். 40 வாட்ஸ் பல்பு எங்கே எரிந்தாலும் 40 வாட்ஸ்தான். மங்கலாகத் தெரிந்தால் தூரத்தில் எரிகிறது என்று அர்த்தம். வானத்திலும் அப்படி ஒரு பல்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சமான வெள்ளைக் குள்ளன் ஒரு எடைக்கு மேல் தாங்காது என்பது அந்தக் கணக்கு. அந்த எல்லை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அந்த எல்லையை நெருங்கி வெடிப்பவை ஏறக்குறைய ஒரே வெளிச்சம் தருகின்றன. 1998இல் இரண்டு குழுக்கள் இந்த வெடிப்புகளை வைத்துத் தூரம் அளந்தன. பிரபஞ்சம் விரியும் வேகம் குறைந்துகொண்டு வருகிறது என்று காட்டத்தான் அளந்தார்கள். ஆனால் தொலைவில் இருந்த பல்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கல், நினைத்ததைவிடத் தூரத்தில் இருந்தன. அதாவது, எறிந்த பந்து மேலே போகப் போக வேகம் எடுக்கிறது! பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் இதற்குத்தான் நோபல் கொடுத்தார்கள். எது தள்ளுகிறது என்று கேட்டால் 'இருண்ட ஆற்றல்' என்கிறார்கள். பிரபஞ்சத்தில் சுமார் 70 சதவீதம் அதுதானாம். பெயர் வைத்ததோடு சரி, அது என்னவென்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.

இது இப்படியே போனால், பத்தாயிரம் கோடி வருஷத்துக்கு மேல் நம் பால்வெளியும் அதன் பக்கத்து அண்டங்களும் (நட்சத்திரத் திரள்கள்) சேர்ந்த கூட்டத்துக்கு வெளியே உள்ள எதுவும் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விடும். நம் சூரியன் அதற்கெல்லாம் ரொம்ப முன்பே, இன்னும் 500 கோடி வருஷத்தில், ஊதிச் சிவந்து அடங்கிவிடும். ஜீரோ வாட்ஸ் பல்பு மாதிரி சிக்கனமாக எரியும் சிவப்புக் குள்ளன்கள் என்ற சின்ன நட்சத்திரங்கள் மட்டும் பல லட்சம் கோடி வருஷம் இழுத்துப் பிடிக்கும். பிறகு கருந்துளைகள். அவையும் துளித்துளியாக ஆவியாகும் என்று ஹாக்கிங் 1974இல் சொன்னார். பெரிய கருந்துளை ஒன்று தீர, 1 போட்டு 100 பூஜ்யம் போட வேண்டும், அத்தனை வருஷம்.

அப்புறம் என்ன? இதை யோசிக்கும்போது எனக்குக் கம்பியில் உட்காரும் காக்காய்தான் ஞாபகம் வருகிறது. 11 கேவி லைன் மேலேயே கூட உட்காரும், ஒன்றும் ஆகாது. சின்ன வயதில் நீ இதைக் கேட்டுக் கேட்டு என்னைத் துளைத்திருக்கிறாய். இரண்டு காலுக்கும் ஒரே வோல்டேஜ், வித்தியாசம் இல்லை, அதனால் அதன் உடம்பில் கரண்ட் ஓடாது. 1852இல் கெல்வின் என்ற விஞ்ஞானி கோடு காட்டிய, பிற்பாடு 'வெப்பச் சாவு' என்று பெயர் பெற்ற முடிவு கிட்டத்தட்ட இதுதான். ஆற்றல் எங்கும் தொலைந்துபோகாது. எல்லா இடத்திலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். சூடு, குளிர் என்ற பேதம் இருந்தால்தானே அங்கிருந்து இங்கே ஏதாவது ஓடும்? அது போய்விட்டால் அடுப்பும் எரியாது, இட்லியும் வேகாது, யோசனையும் ஓடாது. ஆக, ஃபியூஸ் போகவில்லை தம்பி. ஃபியூஸ் போட்டும் பிரயோஜனமில்லாத நிலைமை அது.

வேறு முடிவுகளும் சொல்கிறார்கள். விரிவு முற்றி அணுவைக் கூடக் கிழித்துவிடும் என்பது ஒன்று. வெற்றிடமே சட்டென்று நிலை மாறி, ஒளி வேகத்தில் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு வரும் என்பது இன்னொன்று. நாங்களாவது மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முதல் நாளே பேப்பரில் போடுவோம், அதில் அந்த மரியாதைகூடக் கிடையாது. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

கடைசியாக ஒன்று. கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன். அரிசோனாவில் கிட் பீக் மலைத் தொலைநோக்கியில், 5,000 கண்ணாடி இழைகளை வைத்து கோடிக்கணக்கான அண்டங்களின் ஒளியைப் பிடித்து வரைபடம் போடுகிறார்கள். டெசி என்று பெயர். அந்த இருண்ட ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்று 2024இலும் 2025இலும் அவர்கள் கணக்கு சந்தேகம் கிளப்பியிருக்கிறது. உறுதி என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அப்படியே பலவீனமானாலும், பந்து திரும்பி வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் வரவே வராது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதனால் மேலே 'தப்பு' என்று எழுதியதைப் பென்சிலால் எழுதியதாக வைத்துக்கொள்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். துபாய்க்கு யாராவது வந்தால் சொல், கொடுத்தனுப்புகிறோம். நாளைக்கு இங்கே காலை 9 முதல் 5 வரை கரண்ட் இருக்காது, போனில் சார்ஜ் நிற்காது. சாயங்காலத்துக்கு மேல் கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா