திருப்பிக் கொடுக்காத புத்தகம்

அன்புள்ள சுந்தரம்,

மூன்று மாதமாக என்னிடமிருந்து கடிதமே இல்லை என்று நீ திட்டியது நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். வசந்திக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாமாவின் வழக்கு வழக்கம்போல் அடுத்த வாய்தாவுக்குப் போய்விட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1986-ல் நீ கொடுத்த, ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் முதல் உலகப் போர் நாவலான 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'டை நான் அப்போது படிக்கவே இல்லை. டீக்கடையில் ஒரு மணி நேரம் உன்னோடு வாதாடினேனே, அதெல்லாம் பின்னட்டையை வைத்து ஒப்பேற்றியதுதான். போன மாதம் வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியபோது, உன் கையெழுத்தும் உன் டீக்கறையுமாக அது வெளியே வந்தது. நான்கு இரவுகளில் படித்து முடித்தேன், அதற்குப் பிறகு தூக்கம் சரியாக இல்லை.

மாணவர்களைப் பேசியே பட்டாளத்தில் சேர்த்துவிடும் கான்டோரெக் வாத்தியார்தான் இந்த நாவலின் சாரம் என்று நீ அன்று சாதித்தாய். நம் பி.டி. வாத்தியார் மீதிருந்த கோபத்தில் சொன்னாய் என்றே இப்போது தோன்றுகிறது. முதல் காட்சியையே எடுத்துக்கொள். சமையல்காரன் 150 பேருக்குச் சமைத்துவிட்டான், முன்னணியிலிருந்து திரும்பியவர்களோ 80 பேர். மிஞ்சியது தங்களுக்குத்தான் என்று பையன்கள் குதூகலிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டேன், எதற்காகச் சிரித்தேன் என்பது உறைத்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இதில் வாத்தியார் எங்கே வருகிறார், சொல்.

என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர், கதையைச் சொல்லும் இளம் சிப்பாய் பால் போய்மர் விடுப்பில் ஊருக்குப் போகும் அத்தியாயத்தில் இருக்கிறது. பயண நாட்களையும் சேர்த்துப் பதினேழு நாள் விடுப்பு. போர்முனையிலிருந்து வருபவன் வீட்டுக்குப் பாலாடைக்கட்டி, ரொட்டி, வெண்ணெய், ஒரு சிறு பை அரிசி என்று கொண்டுவருகிறான். சண்டையே நடக்காத ஊரில் அந்த அளவுக்குப் பஞ்சம். அம்மா நோயாளியாகப் படுத்திருக்கிறாள். "அங்கே ரொம்ப மோசமா?" என்று அவள் கேட்கும்போது, நாங்கள் நிறையப் பேர் சேர்ந்து இருக்கிறோம், அவ்வளவு மோசமில்லை என்று பொய் சொல்கிறான். அப்பாவுக்கோ சீருடையோடு அவனை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். பீர்க்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எந்த நாட்டில் எந்தப் பகுதியைப் பிடிக்கவேண்டும் என்று அவனுக்கே பாடம் நடத்துகிறார்கள். தன் அறையில் பழைய புத்தகங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு காலத்தில் அவை தந்த கிளர்ச்சி மீண்டும் வராதா என்று காத்திருக்கிறான். வரவில்லை.

அதே அத்தியாயத்தில் தன் வகுப்புத் தோழன் கெமரிக்கின் அம்மாவைப் பார்க்கப் போகிறான். கால் துண்டிக்கப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அணு அணுவாகச் செத்தவன் கெமரிக். பக்கத்திலேயே இருந்தவன் பால். ஆனாலும் உடனே உயிர் போய்விட்டது, வலியே தெரியவில்லை என்று சாதிக்கிறான். அவள் நம்பாமல் சத்தியம் கேட்கிறாள். அப்படி இல்லையென்றால் நான் திரும்பி வராமலே போகட்டும் என்கிறான் இவன். கடைசிப் பக்கத்தை நினைத்துக்கொண்டு இந்த இடத்தை மறுபடி படித்துப் பார், சுந்தரம்.

விடுப்பு முடிந்து பயிற்சி முகாமில் இருக்கும்போது, அம்மா சுட்டு அப்பாவும் அக்காவும் கொண்டுவந்து கொடுத்த உருளைக்கிழங்கு அடைகளை, அங்கே பசியோடு இருக்கும் ரஷ்யக் கைதிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறான். வலியோடு அடுப்பின் முன் நின்று அவள் சுட்டிருப்பாள் என்ற நினைவு வந்ததும், இரண்டே இரண்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பையில் திரும்ப வைத்துவிடுகிறான்.

உன் பேரன் புகழ்ந்தானே, 2022-ல் வந்து நான்கு ஆஸ்கர் வாங்கிய ஜெர்மன் படம், அதில் இந்த விடுப்பு முழுவதையும் வெட்டிவிட்டார்கள். சேறும் டாங்கியும் பிரமாதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாவலில் பால் சாவது 1918 அக்டோபரில், குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமே நடக்காத ஒரு நாளில். படத்திலோ நவம்பர் 11 அன்று, போர்நிறுத்தத்துக்குச் சில நிமிடங்கள் முன்னால் குத்துப்பட்டுச் சாகிறான். ரெமார்க் எந்த நாடகத்தைத் தவிர்த்தாரோ அதையே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஜெர்மன் தலைப்பை அப்படியே சொன்னால் 'மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை' என்று வரும். ஆங்கிலத்தில் அது அமைதியாகிவிட்டது. ஒருவன் செத்தது செய்தியே இல்லை என்கிற குத்தல் ஜெர்மனில்தான் இருக்கிறது.

ரெமார்க் சில வாரங்கள்தானே முன்னணியில் இருந்தார் என்று நீ அன்று மட்டம் தட்டினாய். 1917 ஜூனில் போனவர் ஜூலை 31-ல் குண்டுச் சிதறல்களால் காயம்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் டூயிஸ்பர்க் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தச் செப்டம்பரில்தான் அவருடைய அம்மா புற்றுநோயால் இறந்துபோனாள். அந்த அத்தியாயத்தை எழுத அவருக்கு எத்தனை வாரம் பதுங்குகுழி அனுபவம் வேண்டும்?

இன்னொன்றையும் தேடிப் படித்தேன்; படிக்காமலே இருந்திருக்கலாம். 1933-ல் நாஜிகள் இந்தப் புத்தகத்தை எரித்தது உனக்குத் தெரியும். அவர் தங்கை எல்ஃப்ரீட், தையல் வேலை செய்து பிழைத்தவள், போரில் தோற்றாயிற்று என்று பேசியதற்காகக் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1943 டிசம்பரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டாள். உன் அண்ணன் எங்களிடமிருந்து தப்பிவிட்டான், நீ தப்ப மாட்டாய் என்று நீதிபதி சொன்னதாகச் சொல்கிறார்கள். தண்டனையை நிறைவேற்றிய செலவுக்கு இன்னொரு சகோதரிக்கு பில் அனுப்பினார்களாம். அந்த பில்லையும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து கூட்டிப் போட்டிருப்பான் அல்லவா? எனக்கு அந்த ஆளின் நினைப்பாகவே இருக்கிறது.

புத்தகத்தை இந்தக் கடிதத்தோடே பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். வசந்தி கையில் எடுத்துவிட்டாள், இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறாள். இத்தனை வருடம் பொறுத்தவன் இன்னும் ஒரு மாதம் பொறு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜன்