சுவரில் பெயர் இருந்தால் போதும்

அன்புள்ள சண்முகம்,

உன் அம்மாவின் காரியத்துக்கும் நான் வரவில்லை. அதன் பிறகு ஒன்பது மாதம் ஒரு வரி எழுதவும் இல்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். பிரஸ்ஸல்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். இன்று எழுத உட்கார்ந்தது உன் பாட்டிக்காக.

நேற்று மகள் என்னை ஈப்பர் என்ற ஊருக்கு அழைத்துப்போனாள். முதல் உலகப் போரில் தரைமட்டமாகி, திரும்பக் கட்டிய ஊர். ஊரின் கிழக்கு வாசலில் மெனின் வாயில் என்று பெரிய வளைவு மண்டபம், 1927இல் திறந்தார்கள். 2023 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. சுவர், படிக்கட்டு என்று எங்கு திரும்பினாலும் பெயர்கள், 54,000க்கும் மேல். அத்தனை பேரும் பிரிட்டிஷ் படைகளில் போரிட்டு, உடல் கிடைக்காமல் காணாமல் போனவர்கள். 1917 ஆகஸ்ட் பாதிக்குப் பிறகு காணாமல் போன சுமார் 35,000 பேருக்கு இங்கே இடம் போதாமல், பக்கத்தில் டைன் காட் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டுப் பெயர்களும் இருக்கின்றன. 1915 ஏப்ரலில் ஜெர்மானியர் நச்சுவாயுவைத் திறந்துவிட்ட நான்காம் நாள், லாகூர் டிவிஷனை அதே களத்துக்கு அனுப்பினார்கள். சிப்பாய், ஹவில்தார் என்று வரிசையாகப் படித்தபோது, செங்கம் வெயிலில் நீ என்னை இழுத்துக்கொண்டு அலைந்த நடுகற்கள் கண்முன் வந்து நின்றன. நாய்க்கும் பெயர் வெட்டி வைத்தவர்கள் நாம். (அந்த நாயின் பெயரான கோவிவன் என்று நீ யாரைக் கூப்பிடுவாய் என்பதை மகளிடம் சொல்லவில்லை.)

இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஊர்த் தீயணைப்புப் படையைச் சேர்ந்த தொண்டர்கள் நடுச்சாலையில் நின்று கொம்பு ஊதினார்கள். தினமும் இரவில் இப்படி ஊதும் வழக்கம் 1928இல் தொடங்கியதாம். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் மட்டும் இங்கே நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று ஊர் விடுபட்ட மாலையே மறுபடி ஊதிவிட்டார்கள். 2015இல் முப்பதாயிரமாவது முறை. மழையிலும் கூட்டம் அசையவில்லை.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சுற்றிலும் உள்ள வயல்களில் இன்னும் எலும்புகள் கிடைக்கின்றன. ஆள் இன்னார் என்று உறுதியானால் பெயரோடு கல்லறை அமைக்கிறார்கள். பிறகு இந்தச் சுவரிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுகிறார்கள். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போன தாத்தா திரும்பாதபோது, "உடம்பைக் கண்டவர் யார்?" என்று கேட்டு, கடைசி வரை தாலியைக் கழற்ற மறுத்தாரே உன் பாட்டி, அவர் முகம்தான் அந்தச் சுவர் முழுவதும் தெரிந்தது. ஊரார் அவரைப் பித்து என்றார்கள். சிறுவர்களாக நாமும் சிரித்திருக்கிறோம், சண்முகம். அது தவறு.

ரங்கூனுக்கு வடக்கே தாவ்க்யானில் இப்படியே ஒரு நினைவிடம் உண்டு. பர்மாப் போரில் கல்லறையில்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. இரண்டையும் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்தான். அதன் பதிவேட்டில் பெயரைக் கொண்டு தேடலாம். அம்மா இருந்தபோதே நான் இதைச் செய்திருக்க வேண்டும்.

பரண்மேல் தகரப்பெட்டியில் அந்தத் தந்தி இருக்குமே, அதை எடு. தாத்தாவின் படை எண், படைப்பிரிவு, ஆங்கிலத்தில் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது, மூன்றையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து அனுப்பு. பிழையாக எழுதியிருந்தால் பிழையோடு அனுப்பு, நீயாகத் திருத்தாதே.

அன்புடன்,
ராகவன்