முதுகு விழுங்கும் பக்கங்கள்: சூப்பர்ஹீரோ தொகுப்புகளை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொகுப்புகளின் பதிப்பாசிரியர்களுக்கும் தயாரிப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

இரட்டைப் பக்க ஓவியங்கள் புத்தகத்தின் முதுகுக்குள் போய் மறைவது உங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. தனித்தனி இதழ்களைச் சேர்த்து ஒரே புத்தகமாக்கிய தொகுப்புகளை வாங்கும் வாசகர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அண்மையில் வாங்கிய நான்கு தொகுப்புகளில் மூன்றில் மறுபடியும் அதே குறை. நான்காவது சரியாக இருக்கிறது என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது. ஒரு புத்தகத்தில் முடிந்தது மற்ற மூன்றில் ஏன் முடியவில்லை? கேட்பது ஒன்றே ஒன்று: நடுவில் இடம் விடுங்கள்.

அந்த மூன்றில் தடிமனானதை மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். நானூறு பக்கத்துக்கு மேல், பசை பைண்டிங், பளபளக்கும் கனத்த ஆர்ட் பேப்பர். புத்தகத்தின் மத்தியில் இரண்டு பக்கத்துக்கும் விரியும் ஒரு பெரிய சண்டைக் காட்சி. கையை எடுத்தால் புத்தகம் தானாக மூடிக்கொள்கிறது. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தாலும் நடுவில் நிற்கும் நாயகனின் பாதி முகமும் ஒரு தோளும் பள்ளத்துக்குள் கிடக்கின்றன. இடப் பக்க வசன பலூனில் வரிக்கு வரி கடைசி இரண்டு மூன்று எழுத்துகளைக் காணோம்; வலப் பக்க பலூனில் முதல் எழுத்துகளைக் காணோம். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் எழுத்து தெரியும். கூடவே முதுகில் பசை விரிசல் விடும் சத்தமும் கேட்கும். விரிசல் விட்ட இடத்தில் தாள் கழன்று கையோடு வர அதிக நாள் ஆகாது. வசனம் வேண்டுமென்றால் புத்தகத்தை உடைக்க வேண்டும், புத்தகம் வேண்டுமென்றால் வசனத்தை விட்டுவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியவரை இந்த நிலையில் நிறுத்தலாமா?

காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் தீர்வும் அதற்குள்ளேயே இருக்கிறது. தனி இதழ் என்பது முப்பது நாற்பது பக்கம். நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தால் முடிந்தது. அதை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் கிட்டத்தட்டத் தட்டையாக விரியும். ஓவியரும் எழுத்து அமைப்பவரும் அந்த இதழை மனதில் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். நடுக்கோட்டை ஒட்டி ஒரு முகத்தையோ பலூனையோ வைக்க அவர்கள் தயங்குவதில்லை. தயங்க வேண்டிய அவசியமும் இல்லை. அதே கோப்பை ஒரு மாற்றமும் செய்யாமல் பசை பைண்டிங்குக்கு அனுப்பும்போதுதான் கோளாறு. பாரங்களை, அதாவது பல பக்கங்களாக மடித்த அச்சுத் தாள்களை, அடுக்கியதும் இயந்திரம் முதுகுப் பக்கத்து மடிப்பைச் சீவுகிறது. அங்கேயே பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஓவியம் தூளாகக் கொட்டிவிடுகிறது. அது இனி எப்படித் திறந்தாலும் கிடைக்காது. மேலே சூடான பசை பூசி அட்டையை ஒட்டியதும், பசையின் விறைப்பில் இன்னும் சில மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான காமிக்ஸ் பக்கத்தின் அகலம் 6.625 அங்குலம், அதாவது 168 மி.மீ. விரித்தால் 336. இரு பக்கமும் சேர்ந்து 16 மி.மீ. மறைந்தால் இருபதில் ஒரு பங்குதான், அது பெரிய நஷ்டமா என்று கேட்கலாம். ஓரத்தில் போனால் பெரிதில்லை. போவது நட்டநடுவில். ஓவியர் நம் கண்ணை எங்கே நிறுத்த நினைத்தாரோ சரியாக அந்த இடம்.

1986-87-ல் 12 இதழ்களாக வந்த வாட்ச்மென் காமிக்ஸ் தொடரின் 5-ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 28 பக்கக் கதை. முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பி வரும், இரண்டாம் பக்கத்தினுடையது கடைசிக்கு முந்தைய பக்கத்தில், இப்படியே உள்நோக்கி நகர்ந்து 14, 15-ஆம் பக்கங்கள் எதிரெதிரே வந்து நிற்கும். மொத்த இதழுக்கும் மையம் அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே ஓடும் கோடுதான். ஓவியர் டேவ் கிப்பன்ஸ் கட்டம் கட்டமாக அளந்து கட்டியது அது. அந்தக் கோடு பசைக்குள் போனால், வாசகர் அங்கே ஒரு அடிதடியைப் பார்ப்பார், அமைப்பைப் பார்க்க மாட்டார்.

அல்லது 2009-ல் டிடெக்டிவ் காமிக்ஸ் 854-ஆம் இதழில் தொடங்கிய பேட்வுமன் கதை. ஓவியர் ஜே.எச். வில்லியம்ஸ் அதில் காட்சிக்குக் காட்சி இரட்டைப் பக்கமாகவே யோசித்திருக்கிறார். கட்டங்கள் வௌவால் சிறகுபோல விரிந்து இடமிருந்து வலத்துக்கு நடுக்கோட்டைத் தாண்டிப் போகும். பள்ளம் ஆழமானால் கட்டம் அடுத்த பக்கத்துக்குத் தொடர்கிறது என்பதே தெரியாது. வாசகர் இடப் பக்கத்தை மேலிருந்து கீழாக முழுக்கப் படித்துவிட்டு வலப் பக்கத்துக்குப் போவார். கேள்விக்கு முன்னால் பதில் வந்து நிற்கும். ஓவியம் கெட்டதோடு நிற்காமல் கதையே கலைந்துபோகிறது.

1968-ல் ஓவியர் ஜிம் ஸ்டெரங்கோ, ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 167-ஆம் இதழில் ஒரே காட்சியை நான்கு பக்கத்துக்கு நீட்டினார். முழுதாகப் பார்க்க இரண்டு பிரதிகளை அருகருகே விரித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு சென்ட் இதழில் அந்தத் துணிச்சல் இருந்தது. இன்று பல மடங்கு விலையுள்ள தொகுப்பில் இரண்டு பக்கத்தை ஒன்றாகப் பார்க்க முடியவில்லை என்றால் மனம் பொறுக்கவில்லை.

என்ன செய்யலாம்? ஒரு தாள்கூடக் கூடுதலாகச் செலவாகாத வழியை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு இரட்டைப் பக்கத்தையும் கோப்பிலேயே நடுவில் பிரித்து, இரு பாதிகளையும் ஐந்து மில்லிமீட்டர் வெளிப்புறமாகத் தள்ளுங்கள். நடுவில் உண்டாகும் இடைவெளியில் அதே ஓவியத்தின் விளிம்பை இரு பக்கமும் திரும்ப வையுங்கள். வெளி ஓரத்தில் வெட்டுப்படும் அந்தச் சில மில்லிமீட்டரில் பெரும்பாலும் வானமோ சுவரோதான் இருக்கும், அது போனால் யாரும் கேட்கப் போவதில்லை. கணினியில் எழுத்து அமைத்த பிற்கால இதழ்களில் பலூன்கள் தனி அடுக்கில் இருப்பதால் அவற்றை மட்டும் நகர்த்தலாம். ஓவியம் வரைந்த அட்டையிலேயே வசனத்தையும் கையால் எழுதிய பழைய இதழ்களில் அது நடக்காது. அங்கே இரட்டைப் பக்கத்தை மட்டும் நான்கைந்து சதவீதம் சுருக்கி நடுவில் இடம் விடலாம். கொஞ்சம் சிறிதானாலும் முழுதாக இருக்கும்.

அடுத்தது பசை. சூடாக்கிப் பூசும் வழக்கமான ஹாட்மெல்ட் பசைக்குப் பதில் பியுஆர் (பாலியூரித்தேன்) பசை பூசினால் முதுகு வளைந்து கொடுக்கும், தாளும் எளிதில் கழலாது. தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். குறுக்கே ஓடினால் எந்தப் பசையாலும் பயனில்லை, பக்கம் விறைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். அந்த நான்காவது புத்தகம் நூல் தையல். பாரம் பாரமாகத் தைத்து, முதுகை அட்டையோடு இறுக ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். எண்ணூறு பக்கத்துக்கு மேல் இருந்தும் நடுவில் திறந்து கையை எடுத்தால் அப்படியே கிடக்கிறது. எல்லாப் புத்தகத்தையும் தைக்கச் சொல்லவில்லை. விலை ஏறும் என்பது தெரியும். தைக்காத புத்தகத்தில் நடுவில் இடம் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு தவறு இதைவிட மோசம், ஆனால் திருத்த ஐந்து நிமிடம் போதும். இதழின் முதல் பக்கம் வலப்புறம் வந்தால்தான் 2-3 எதிரெதிரே அமையும். 20 பக்கக் கதை இடப்புறத்தில் முடியும். அடுத்து வரும் இதழின் அட்டைப்படம் ஒன்றை மட்டும் சேர்த்தால் அது வலப்புறம் உட்கார்ந்து, அடுத்த கதையின் முதல் பக்கத்தை இடப்புறம் தள்ளிவிடும். இரட்டைப் பக்கத்தின் ஒரு பாதி ஒரு தாளின் முன்புறம், மறு பாதி அதே தாளின் பின்புறம்! வாங்கிய மூன்றில் ஒன்றில் இது நடந்திருக்கிறது. மாற்று அட்டை (அதே இதழுக்கு வேறு படத்தோடு வரும் அட்டை) ஒன்றையோ வெறும் கறுப்புப் பக்கம் ஒன்றையோ கூடச் சேர்த்தால் தீர்ந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த 17 பக்கக் கதைகளுக்கு அட்டை ஒன்றே போதும். அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் பக்கங்களை இரண்டிரண்டாகப் புரட்டிப் பார்த்திருந்தால் இது தப்பியிருக்காது.

விலையைக் குறைத்து பத்து டாலருக்குள் கையடக்கப் பதிப்புகள் கொண்டுவருவதை மனதாரப் பாராட்டுகிறேன். புதிய வாசகர்கள் வருவதற்கு அதுதான் வழி. ஆனால் 5.5 அங்குல அகலத்துக்குச் சுருக்கும்போது எழுத்தும் ஆறில் ஒரு பங்கு சிறுக்கிறது. சிறுத்த எழுத்து பள்ளத்துக்குள்ளும் போனால் புதிதாக வந்த வாசகர் அடுத்த புத்தகத்தை வாங்குவாரா?

சொல்ல வேண்டியவை வேறும் உண்டு. அமேசிங் ஸ்பைடர்மேன் தொடரை 2014-லிருந்து 2025-க்குள் ஐந்து முறை முதல் இதழிலிருந்து தொடங்கியாயிற்று. முதுகில் '1' என்று போட்ட தொகுப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, எதற்குப் பின் எது என்று புதிதாக வருபவர் யாரிடம் போய்க் கேட்பார்? ஒவ்வொரு இதழுக்கும் பத்து மாற்று அட்டைகள் வரைய ஓவியரும் நேரமும் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் ஓவியத்தை ஐந்து மில்லிமீட்டர் நகர்த்த ஆள் கிடைப்பதில்லை என்பதை நம்ப முடியவில்லை. கோபத்தில் பேச்சு வேறு பக்கம் போகிறது. மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

தொகுப்புகள் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வருகின்றன. தொலைவிலிருந்து தருவிக்கும் எங்களுக்கு முன்கூட்டியே திறந்து பார்க்க வழியில்லை. பிரித்த பிறகு திருப்பித் தருவதும் எளிதல்ல. விற்பனைக் குறிப்பில் பக்க எண்ணிக்கை, அளவு, விலை எல்லாம் இருக்கின்றன. பைண்டிங் நூல் தையலா பசையா, இரட்டைப் பக்கங்களுக்கு நடுவில் இடம் விட்டிருக்கிறதா என்ற இரண்டு விவரங்களையும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். இப்போது அச்சுக்குக் காத்திருக்கும் புத்தகங்களில் இரட்டைப் பக்கம் உள்ளவற்றை ஒருமுறை வெள்ளைத் தாளில் மாதிரி கட்டி, மேசையில் வைத்துத் திறந்து பாருங்கள். மறையும் இடத்தை அளந்து, அந்த அளவுக்கு நடுவில் இடம் விடுங்கள். ஏற்கெனவே வந்தவற்றை மறுபதிப்பு செய்யும்போதும் இதே திருத்தத்தைச் செய்ய வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தொகுப்புகளைத் தொடர்ந்து வாங்கும் தமிழ் வாசகர் ஒருவர்