படைத்தளப் பயிற்சியின் வெடியோசை குறித்து உறுப்பினர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் அதிர்வு கூடிக்கொண்டே போவதாகப் பலர் கவலையுடன் எழுதியிருக்கிறீர்கள். அதே பீரங்கி ஒரு நாள் காதில் விழாமலும், மறுநாள் ஜன்னல் கண்ணாடியைக் கடகடவென ஆட்டியும் போவதற்குப் பெரும்பாலும் வானிலையே காரணம்: தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெப்பமான காற்று நிற்கும்போது, மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து கீழே திரும்பிப் பல கிலோமீட்டர் தள்ளியும் உரக்கக் கேட்கிறது.

வெளிச்சம் தெரிந்தது முதல் ஓசை வரும்வரை விநாடிகளை எண்ணி 3 ஆல் வகுத்தால், தூரம் ஏறக்குறையக் கிலோமீட்டரில் கிடைக்கும். பயப்படும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். எண்ணத் தொடங்கினாலே பதற்றம் சற்றுத் தணியும்.

புகார் அளிப்பவர்கள் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துத் தளத்தின் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். ‘நேற்று இரவு பெரிய சத்தம்’ என்று மட்டும் எழுதினால், அது எந்தப் பயிற்சி என்று அவர்களால் தேட இயலாது. படை வாகனங்களின் படங்களை இங்கே பகிர வேண்டாம். வேலியருகே உலோகப் பொருள் எது கிடந்தாலும் தொடாமல், இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு விலகி வந்து காவல்துறைக்குத் தெரிவியுங்கள். வெடிக்காத குண்டு பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வெடிக்கக்கூடும்.